15-க்கு 15 வாங்கி வீடு திரும்பியவர்கள்

தலையில் அடிபட்டவரைக் கூட்டிவரும் குடும்பங்கள் கையில் ஒரு பிளாஸ்டிக் பை இருக்கும். ஸ்கேன் படங்கள், மாத்திரைச் சீட்டுகள், நடுவே மடங்கிப்போன டிஸ்சார்ஜ் சம்மரி. அதில் நான் முதலில் தேடுவது தேதியை. அடிபட்ட நாளுக்கும் என் முன்னால் வந்து உட்காரும் நாளுக்கும் இடையில் எட்டு மாதம், பதினான்கு மாதம், சிலருக்கு மூன்று வருஷம்கூட ஓடியிருக்கும். இடையில் என்ன நடந்தது என்று கேட்டால் பல வீடுகளில் ஒரே கதைதான். பாண்டி கோயிலுக்குப் போய் மந்திரித்துக் கயிறு கட்டியது, குடியை நிறுத்தும் இடத்தில் சேர்த்தது, ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசிப் பார்த்தது, மனைவி பிறந்த வீட்டுக்குப் போய் நாலு மாதம் கழித்துத் திரும்பி வந்தது. இதற்கெல்லாம் அந்தத் தலைக்காயம் காரணமாக இருக்கலாம் என்று அதுவரை யாரும் அவர்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள்.

மூளைக்காயம் பட்டவர்களோடும் அவர்கள் வீட்டாரோடும் மதுரையில் வேலை செய்கிற உளவியலாளர் நான். கீழே வரும் மனிதர்களின் வயதையும் தொழிலையும் ஊரையும் மாற்றியிருக்கிறேன். ஒருவர் கதையில் இரண்டு மூன்று பேர் கலந்தும் இருக்கிறார்கள்.

டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘ஜிசிஎஸ் 15/15’ என்று ஒரு வரி இருக்கும். வீட்டில் இருக்கும் படித்த பிள்ளை அதைப் பார்த்துவிட்டு, ‘அப்பா ஃபுல் மார்க்’ என்று சொல்லியிருக்கும். குடும்பமே நிம்மதியாகியிருக்கும். ஜிசிஎஸ் என்றால் கிளாஸ்கோ கோமா ஸ்கேல். கிளாஸ்கோ நகரத்தில் டீஸ்டேல், ஜென்னட் என்ற இரண்டு மருத்துவர்கள் 1974-ல் வெளியிட்ட அளவுகோல் அது. கண் திறப்பதற்கு 4, பேச்சுக்கு 5, கைகால் அசைவுக்கு 6, மொத்தம் 15. எவ்வளவு குறைந்தாலும் 3-க்குக் கீழே போகாது. அடிபட்டவர் எவ்வளவு ஆழமான மயக்கத்தில் இருக்கிறார் என்று கண்டுபிடிக்க அருமையான கருவி, எத்தனையோ உயிர்களைக் காத்திருக்கிறது. ஆனால் அது கேட்பதெல்லாம் பேர் என்ன, எந்த இடத்தில் இருக்கீங்க, இது என்ன மாசம் என்பதுதான். பிள்ளை பென்சிலைக் கீழே போட்டால் பொறுத்துக்கொள்வாரா, கையில் இருக்கிற காசை மாதம் முழுக்க வைத்திருப்பாரா, சம்சாரத்தின் முகம் வாடினால் கவனிப்பாரா என்பதற்கு அதில் மார்க் கிடையாது. நடந்தே ஆட்டோவில் ஏறி வீட்டுக்குப் போனவருடைய உண்மையான சிரமம் வீட்டு வாசலில் தொடங்குகிறது.

மேலூர்ப் பக்கத்துக்காரர் ஒருவர், குட்டியானை வண்டி ஓட்டியவர். ஒத்தக்கடை தாண்டி நாலுவழிச்சாலையில் பைக்கில் வரும்போது விபத்து. மூளையில் ரத்தம் கட்டி ஆப்பரேஷன் நடந்து, மூன்று வாரத்தில் வீடு திரும்பிவிட்டார். பதினான்காவது மாதம் மனைவியும் மனைவியின் தம்பியும் கூட்டி வந்தார்கள். “கல்யாணமாகி பதினோரு வருசத்துல என்னைய கை ஓங்குனதே இல்ல மேடம். இப்ப சோத்துத் தட்டத் தூக்கி எறியிறாக” என்றார் அந்த அம்மா. தம்பி என்னைத் தனியாக வெளியே அழைத்துப்போய், “ஆஸ்பத்திரியில ராசா மாதிரி வச்சுப் பாத்தோம்ல, அந்தத் திமிரு மேடம் மச்சானுக்கு” என்றார்.

எந்த நேரத்தில் எறிகிறார் என்று கேட்டேன். சாப்பாட்டு நேரத்தில்தான். “எதப் போட்டாலும் சப்புனு இருக்கும்பாக. நான் வேணும்னே உப்பு ஒறப்பு இல்லாமப் போடுறேனாம்.”

அவரைக் கண்ணை மூடச் சொல்லி மூக்கருகே காப்பித்தூளைப் பிடித்தேன். தெரியவில்லை. அடுத்து சோப்பு. அதுவும் தெரியவில்லை. அந்த அம்மா தலையில் மல்லிகை வைத்திருந்தார். சரத்திலிருந்து நாலு பூவைக் கிள்ளிக் கொடுத்தார். அவர் இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, “என்னமோ குளுகுளுன்னு படுது. என்ன அது?” என்றார். அந்த அம்மாவுக்கு அழுகை வந்துவிட்டது. “முந்தி சாயங்காலம் வண்டிய நிறுத்திட்டு வரும்போது தெனமும் பூ வாங்கிட்டு வருவாக மேடம். இப்ப நானாத்தான் வாங்கி வச்சுக்கிறேன். நான் வேற என்னென்னமோ நெனச்சுப்புட்டேன்.”

மூளை நாம் நினைப்பதுபோல் கெட்டியான பொருள் இல்லை. இளநீர் வழுக்கையைக் கையில் எடுத்துப் பாருங்கள், ஏறக்குறைய அப்படி இருக்கும். வேகமாகப் போகும் உடம்பு சட்டென்று நிற்கும்போது அது மண்டையோட்டுக்குள் முன்னும் பின்னும் உரசுகிறது. நெற்றிக்குப் பின்னால், கண்குழிக்கு மேலே இருக்கும் எலும்புத் தளம் கரடுமுரடானது. அதனால் அடி எந்தப் பக்கம் விழுந்தாலும் மூளையின் முன்பகுதியான நெற்றிமடலின் அடிப்பக்கமும் பக்கவாட்டுப் பகுதியான பொட்டுமடலின் நுனியும் கன்றிப்போக வாய்ப்பு அதிகம். மூக்கிலிருந்து வாசனையை எடுத்துச் செல்லும் மெல்லிய நரம்பு இழைகள் அந்த இடத்து எலும்பில் உள்ள சிறு துளைகள் வழியாகத்தான் மேலே போகின்றன. உரசலில் அவை அறுந்துவிடலாம். அதற்கு மேலேயே இருக்கிறது கோபத்தை அடக்கி, சொல்லலாமா வேண்டாமா என்று ஒரு நொடி நிறுத்திப் பார்க்கும் பகுதி. எனவே வாசனை போய்விட்டது என்று ஒருவர் சொன்னால், அவருடைய பொறுமையைப் பற்றியும் நான் கேட்பேன். மூளைக்குள் இருக்கும் நரம்பு இழைகள் இழுபட்டுச் சேதமாவது சாதாரண சிடி ஸ்கேனில் பெரும்பாலும் தெரியாது. ‘ஸ்கேன் நார்மல்’ என்று சொல்லிவிட்டதால் ஒருவர் நடிக்கிறார் என்று முடிவு கட்டாதீர்கள்.

வாசனை போனவர் வீட்டில் கேஸ் கசிந்தாலோ சோறு ஊசிப்போனாலோ அவருக்குத் தெரியாது. அடுப்பில் அவரைத் தனியாக விடக்கூடாது என்பதைப் பல குடும்பங்களுக்கு நான்தான் முதன்முதலில் சொல்லியிருக்கிறேன்.

கோபத்தையாவது வீட்டார் வியாதி என்று ஏற்றுக்கொள்கிறார்கள். சும்மா உட்கார்ந்திருப்பதை ஏற்றுக்கொள்வதுதான் கஷ்டம். திருமங்கலம் பக்கத்திலிருந்து ஓர் அப்பா, மில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த இருபத்திரண்டு வயது மகனோடு வந்தார். “குளிடான்னா குளிக்கிறான். சொல்லலேன்னா சாயங்காலம் வரைக்கும் கட்டில்லயே கெடக்கான். சோம்பேறிப் பய, ஒரே பிள்ளைன்னு செல்லம் குடுத்தது என் தப்பு.” அந்தப் பையன் கூட்டல் கழித்தல் எல்லாம் சரியாகப் போட்டான், பேச்சிலும் குழப்பமில்லை. ஒரு வேலையைத் தானாகத் தொடங்கும் சக்தி மட்டும் அவனிடம் இல்லை. நான் ஏதேதோ விளக்கிக்கொண்டிருக்க, கிணற்றுப் பாசனக்காரரான அந்த அப்பா குறுக்கே வந்து, “கெணத்துல தண்ணி இருக்கு, மோட்டாரும் நல்லாருக்கு, ஸ்டார்ட்டர் போயிருச்சுங்கிறீங்க” என்றார். இத்தனை வருஷத்தில் இதைவிடத் தெளிவாக நான் யாருக்கும் சொன்னதில்லை. இப்போது எல்லோருக்கும் அவருடைய வார்த்தைகளையே சொல்கிறேன். ஸ்டார்ட்டர் இல்லாத மோட்டாரை எத்தனை திட்டினாலும் ஓடாது. வெளியிலிருந்து ஒருவர் தொடங்கி வைக்க வேண்டும். சுவரில் நேரம் போட்டு எழுதி ஒட்ட வேண்டும், போனில் அலாரம் வைக்க வேண்டும், ஒரு நேரத்தில் ஒரே ஒரு வேலையைச் சொல்ல வேண்டும். ‘குளிச்சிட்டு சாப்பிட்டுட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டு’ என்றால் முதலாவது மட்டும் நடக்கும்.

மதுரையில் இன்னொரு சிரமம் இருக்கிறது, சத்தம். நம் காது எல்லாவற்றையும் கேட்கிறது, மூளைதான் வேண்டாததை வடிகட்டித் தள்ளுகிறது. காயம்பட்ட மூளையில் அந்த வடிகட்டி பழுதாகியிருக்கும். ஆடி, மாசி, பங்குனி மாதங்களில் தெருமுனையில் மைக் செட் கட்டினால் அவர்களுக்கு அது மண்டைக்குள் கட்டியதுபோல. உயிர் பிழைத்ததற்கு நேர்த்திக்கடன் என்று சொல்லி, அழகர் ஆற்றில் இறங்கும் அன்று விடியற்காலையில் வைகைக்குள் ஒருவரைக் கூட்டிப்போனார்கள். அத்தனை கூட்டத்தில், அத்தனை வேட்டுச் சத்தத்தில், பக்கத்தில் நின்ற ஒரு பெரியவரை அவர் பிடித்துத் தள்ளிவிட்டார். அவர் இப்போது திரும்பத் திரும்பச் சொல்லி வருந்துவது அதைத்தான். நேர்த்திக்கடனை இரண்டு வருஷம் கழித்துச் செலுத்தினால் சாமி கோபித்துக்கொள்ளாது என்று நான் குடும்பங்களிடம் கெஞ்சியே சொல்கிறேன். கோயிலுக்குப் போவதை நான் தடுப்பதில்லை. பாண்டி முனீஸ்வரரிடம் போங்கள், கயிறு கட்டுங்கள், கூடவே மாத்திரையும் நிற்காமல் போகட்டும். ஆளைக் கட்டி வைப்பது மட்டும் கூடவே கூடாது. 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் கருகிப் போனதை இந்தப் பகுதியில் யாரும் மறக்கக்கூடாது.

மாத்திரை என்றதும் ஒரு விஷயம். தலைக்காயத்துக்குப் பிறகு வலிப்பு வராமலிருக்க லெவிடிராசிட்டம் என்ற மருந்தைப் பலருக்குக் கொடுக்கிறார்கள். நல்ல மருந்துதான். சிலருக்கு அதுவே எரிச்சலையும் கோபத்தையும் கூட்டும். மாத்திரை ஆரம்பித்த பிறகு கோபம் அதிகமானதாகத் தோன்றினால் எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் போய்ச் சொல்லுங்கள், மாற்று உண்டு. நீங்களாக நிறுத்தினால் வலிப்பு வந்து மறுபடியும் தலை தரையில் மோதலாம். குடி வேண்டவே வேண்டாம். முன்பு தாங்கிய அளவை இந்த மூளை தாங்காது, வலிப்பும் எளிதில் வரும்.

வயதானவர்கள் விஷயத்தில் கணக்கு வேறு. அப்பத்தா குளியலறையில் வழுக்கி விழுந்து, லேசாகப் புடைத்து, தைலம் தடவி, எல்லோரும் மறந்தும்போயிருப்பார்கள். மூன்று நாலு வாரம் கழித்துப் பேச்சு குழறும், பகலிலேயே தூங்குவார், சேலையைச் சரியாகக் கட்ட வராது. ‘வயசாயிருச்சு, புத்தி தடுமாறுது’ என்று விட்டுவிடாதீர்கள். மூளைக்கு மேல் மெதுவாக ரத்தம் சேர்ந்திருக்கலாம். சிடி எடுத்தால் தெரிந்துவிடும், வடித்து எடுத்தால் பெரும்பாலோர் பழையபடி ஆகிவிடுவார்கள். ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும்.

தமிழக அரசின் ‘இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48’ திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கியது. சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குப் பணம் கேட்பதில்லை. அதை நான் மனதாரப் பாராட்டுகிறேன். 49-வது மணியிலிருந்து அடுத்த பல வருஷங்களைத் தாங்குவது பெரும்பாலும் ஒரு பெண். மனைவியோ அம்மாவோ. மேலூர்க்காரர் வீட்டில் எட்டு வயது மகள் டம்ளரைச் சத்தம் வராமல் கீழே வைக்கப் பழகியிருந்தாள். புருஷன் உயிரோடுதான் இருக்கிறார், ஆனால் பேசிப் பழகிய ஆள் இல்லை. இந்தத் துக்கத்தை யாரும் விசாரிக்க வருவதில்லை. ‘உயிர் தப்புச்சே, அதுக்கு சந்தோசப்படு’ என்பார்கள். அந்தப் பெண்களில் பலர் தூங்குவதில்லை. அவர்களுக்கும் மருத்துவம் வேண்டும். காயம்பட்டவருக்கும், தான் மாறிவிட்டோம் என்று மெல்லப் புரியத் தொடங்கும் காலத்தில் சாக வேண்டும் என்ற எண்ணம் வரலாம். அப்படி ஒரு வார்த்தை வாயில் வந்தால் அலட்சியம் செய்யாதீர்கள். 14416 என்ற டெலிமனாஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

நஷ்டஈட்டு வழக்குப் போடுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஊனச் சான்றிதழில் கால் எலும்பு முறிந்தது இருக்கும், தழும்பு இருக்கும். மறதியும் கோபமும் வேலையில் நிலைக்க முடியாததும் இருக்காது, ஏனென்றால் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. அதில் மூளைக்காயம் என்று தனியாக ஒன்று இல்லை. அதனாலேயே ஞாபகத்தையும் கவனத்தையும் நிதானத்தையும் அளக்கும் நரம்பு உளவியல் சோதனை செய்து எழுத்தில் வாங்கி வைப்பது அவசியம். அதற்கு முன் சமரசத்தில் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

எல்லாம் பழையபடி ஆகுமா என்று கேட்கிறார்கள். முதல் ஆறு மாதத்தில் தேறுவது வேகமாக இருக்கும், பிறகு மெதுவாகும், இரண்டு வருஷத்துக்குப் பிறகும் முன்னேறுகிறவர்கள் உண்டு. முழுசாக என்று நான் வாக்குக் கொடுப்பதில்லை.

மேலூர் அம்மாவிடம் ஒரு நாற்பது பக்க நோட்டு கொடுத்து, ஒவ்வொரு சண்டைக்கும் முன்னால் என்ன நடந்தது, அவர் என்ன செய்தார், அதன்பின் வீட்டார் என்ன செய்தார்கள் என்று மூன்று வரி எழுதச் சொன்னேன். மூன்று வாரத்தில் அவரே கண்டுபிடித்துவிட்டார். பெரிய சண்டை எல்லாம் சாயங்காலம் நாலிலிருந்து ஆறுக்குள், அதுவும் மதியம் தூங்காத நாளில். காயம்பட்ட மூளை சீக்கிரம் களைத்துப்போகும், களைப்புதான் கோபமாக வெளியே வரும். மதியம் ஒரு மணி நேரத் தூக்கம் கட்டாயமானது. டிவி சத்தம் குறைந்தது. குழம்பில் காரம் கொஞ்சம் கூடியது, தட்டில் அப்பளம் வந்தது. காரத்தின் எரிச்சலையும் அப்பளம் நொறுங்குவதையும் உணர மூக்கின் வாசனை நரம்பு தேவையில்லை. கோபம் வந்தால் எதிர்த்துப் பேசாமல் எழுந்து வாசலுக்குப் போய்விடுவது என்று வீட்டில் எல்லோரும் பேசி வைத்துக்கொண்டார்கள். தம்பிக்குத்தான் அது வர ரொம்ப நாள் ஆனது.

போன மாதம் வந்திருந்தார்கள். வண்டி ஓட்ட இன்னும் அனுமதிக்கவில்லை, தம்பியின் கடையில் காலையில் மூன்று மணி நேரம் சரக்கு எண்ணுகிறார். எண்ணியதை எழுதி வைத்துக்கொள்கிறார். அவருடைய போனை வாங்கி அலாரங்களைப் பார்த்தேன். காலை எட்டுக்கு மாத்திரை, மதியம் ஒன்றரைக்குத் தூக்கம், இரண்டும் மனைவி வைத்தவை. மூன்றாவதாக சாயங்காலம் ஆறரைக்கு ஒன்று இருந்தது. அதை அவரே மகளைக் கொண்டு வைத்திருக்கிறார். ‘பூ’ என்று மட்டும் இருந்தது.