அறுப்பு முடியட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள்: மனநோய்க்குத் தொடக்கத்திலேயே சிகிச்சை பெறும் உரிமை

எங்கள் தெருவில் பிளஸ் டூ படித்த பையன் ஒருவன், டிவியில் எரியும் சின்னச் சிவப்பு விளக்கின் மேல் பிளாஸ்திரி ஒட்டி வைத்தான். அதன் வழியாக யாரோ தன்னைக் கவனிக்கிறார்களாம். வீட்டில் தாயத்துக் கட்டினார்கள், குணசீலம் கோயிலுக்குப் போய்த் தங்கினார்கள். டாக்டரிடம் போவதை மட்டும் "குறுவை அறுப்பு முடியட்டும்" என்று தள்ளினார்கள். தை அறுப்பும் வந்துவிட்டது.

இல்லாத குரல் கேட்பதும், காரணமில்லாத சந்தேகம் உறுதியான நம்பிக்கையாக மாறுவதும் சைக்கோசிஸ் என்ற மனநோயின் அறிகுறிகள். சிகிச்சையில்லாமல் போகும் மாதங்கள் கூடக்கூட, மீண்டு வருவதும் கடினமாகிறது. கோயிலுக்குப் போவதை நிறுத்தச் சொல்லவில்லை; மாத்திரையும் கூடவே நடக்கட்டும்.

சரி, உரிமை என்ன? மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017இன் 18ஆம் பிரிவு, அரசு நடத்தும் அல்லது அரசு நிதி பெறும் மனநலச் சேவையை எல்லோருக்கும் உரிமையாக்குகிறது. குழந்தைகளுக்கும் முதியவர்களுக்குமான சேவைகளையும் அது தனியாகக் குறிப்பிடுகிறது. வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவருக்கு அங்கே சிகிச்சை இலவசம். அதற்கான அட்டை கையில் இல்லாவிட்டாலும் இலவசம்தான்.

18 வயது நிரம்பாதவரை உள்நோயாளியாகச் சேர்த்தால், பெரியவர்களோடு தங்க வைக்கக் கூடாது. பெற்றோரோ பொறுப்பாளரோ, அவர்கள் நியமிக்கும் துணையாளரோ கூடவே இருக்க வேண்டும். எந்த வயதினரையும் சங்கிலியால் கட்டக் கூடாது.

சைக்கோசிஸ் வாலிப வயசு நோய் என்றே பலரும் நினைக்கிறோம். ஆனால் பிள்ளை பெற்ற சில நாட்களிலேயே தாய்க்கும் அது வரலாம். அது அவசர நிலை, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மாதவிலக்கு நிற்கும் வயதிலும் சில பெண்களுக்கு முதன்முறையாக வருகிறது. எழுபது வயது அப்பத்தா திடீரென்று ஆள் தெரியாமல் பேசினால், சிறுநீர்த் தொற்றோ உடம்பில் உப்புக் குறைந்ததோகூடக் காரணமாக இருக்கலாம். "வயசாயிடுச்சு" என்று விட்டுவிடாமல் ரத்தம், சிறுநீர் பரிசோதனை கேளுங்கள். இங்கிலாந்தில் 14 முதல் 35 வயது வரை என்றிருந்த, சைக்கோசிஸுக்கான தொடக்கநிலைச் சிகிச்சைச் சேவையையே 2016இல் 65 வயது வரை நீட்டினார்கள்.

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவைக் கேளுங்கள். தூரம் என்றால், மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர் எந்த நாளில் வருவார் என்று தாலுகா மருத்துவமனையில் விசாரியுங்கள். அதற்கும் முன்னால் பேச வேண்டுமென்றால் 14416, அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ்; 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

போகும்போது ஒரு தாளில் குறித்துக்கொண்டு போங்கள்: தூக்கம் கெட்டது எப்போது, தனியாகப் பேசத் தொடங்கியது எப்போது, இதுவரை கொடுத்த மருந்து என்னென்ன. மருத்துவர் முதலில் கேட்பது இவற்றைத்தான்.