மேகத்துக்குள்ள போனா மேல எது, கீழ எது?

"மேகத்துக்குள்ள போயிட்டா விமானம் சாயுறதே பைலட்டுக்குத் தெரியாதாமே, அவ்ளோ பெரிய மெஷின் சாயுறது எப்படிங்க ஒரு மனுஷனுக்குத் தெரியாம போகும்? அப்புறம் எனக்கு மட்டும் ஏன் வாந்தி வருது, ஓட்டுறவருக்கு வர்றதில்ல?"ன்னு ஒரு வாசகர் கேட்டிருந்தார். ரெண்டுக்கும் பதில் காதுக்குள்ளதான் இருக்கு.

ஸ்கூல்ல படிச்சதை ஓட்டமா பாத்துடலாம். உள்காதுல ஒவ்வொரு பக்கமும் மூணு அரைவட்டக் கால்வாய், ஒண்ணுக்கொண்ணு செங்குத்தா, தலை எந்தப் பக்கம் சுத்தினாலும் ஏதாவது ஒண்ணாவது பிடிச்சுடும். கூடவே ரெண்டு சின்னப் பை, அதுல கால்சியம் கார்பனேட் துகள்கள், புவியீர்ப்பு எந்தப் பக்கம் இழுக்குதுன்னு சொல்றது அதுங்க வேலை. அவ்ளோதான். பரீட்சைக்கு இது போதும், ஆனா அசத்தலான விஷயமே இதுக்கு அப்புறம்தான் ஆரம்பிக்குது.

அந்தக் கால்வாய்க்குள்ள ஒரு மில்லிமீட்டர்கூட தடிமன் இல்லாத குழாய், அதுக்குள்ள திரவம். ஒரு டம்ளர் தண்ணியில சின்ன காகிதத் துண்டைப் போட்டுட்டு டம்ளரை லேசா திருப்புங்க, டம்ளர் திரும்பும், காகிதம் அங்கயேதான் நிக்கும். காதுலயும் அதே கதைதான், தலை திரும்புது, குழாய் திரும்புது, திரவம் மட்டும் பின்தங்குது. குழாய்க்குக் குறுக்கால குப்புலான்னு ஒரு மெல்லிய வழவழ தடுப்பு இருக்கு, பின்தங்குன திரவம் அதைத் தள்ளி வளைக்குது, அது வேர்ல இருக்கற மயிர் செல்கள் மடங்குது, உடனே மூளைக்கு "சுத்துறோம்"னு சேதி போகுது. பேட்டரி இல்ல, சிப் இல்ல, வெறும் தண்ணியோட சோம்பேறித்தனத்தை வச்சு வேகமானி செஞ்சிருக்கு பரிணாமம்!

ஆனா ஒரு ஓட்டை இருக்கு. ஒரே வேகத்துல சுத்திக்கிட்டே இருந்தா கொஞ்ச நேரத்துல திரவமும் குழாயோட வேகத்துக்கு வந்துடும், குப்புலா நிமிர்ந்துடும். மூளை அந்த உணர்வைக் கொஞ்சம் இழுத்துப் பிடிச்சு வச்சாலும் பதினஞ்சு இருபது செகண்டுக்கு மேல தாங்காது, அப்புறம் "நின்னாச்சு"ன்னு தோணும். நிக்கல, இன்னும் சுத்திக்கிட்டுதான் இருக்கோம். இப்ப நிஜமாவே நிறுத்துனா திரவம் மட்டும் முன்னால ஓடும், குப்புலா எதிர்ப்பக்கம் வளையும், எதிர்த்திசையில சுத்துற மாதிரி இருக்கும். இன்னொரு ஓட்டை, செகண்டுக்கு சுமார் 2 டிகிரிக்கும் மெதுவா சாஞ்சா காதுக்கு அது தெரியவே தெரியாது. காட்டுல ஓடித் திரிஞ்ச உயிரினத்துக்கு இதெல்லாம் பிரச்சனையே இல்ல, யாரு நிமிஷக்கணக்குல ஒரே சீரா வட்டமடிச்சுக்கிட்டு இருந்தாங்க?

இன்னொரு விஷயத்தை சொல்லாம போக மனசு வரல. குப்புலாவோட அடர்த்தியும் திரவத்தோட அடர்த்தியும் கிட்டத்தட்ட ஒண்ணு, அதனாலதான் புவியீர்ப்பு அதை அசைக்கறதில்ல. சாராயம் குடிச்சா ஆல்கஹால் முதல்ல குப்புலாவுக்குள்ள போயிடுது, அது திரவத்தைவிட லேசாகி மிதக்கப் பாக்குது, படுத்த உடனே ரூமே சுத்துறது இதனாலதான். சில மணி நேரம் கழிச்சு ரெண்டும் சமமாகும், நிம்மதி. அப்புறம் ஆல்கஹால் வெளியேறும்போதும் குப்புலாலேர்ந்துதான் முதல்ல போகும், இப்ப அது திரவத்தைவிட கனம், மறுபடி தலை சுத்தல். அதாவது ரத்தத்துல ஆல்கஹால் முழுசா வடிஞ்சப்புறமும் காதுக்கு போதை தெளிஞ்சிருக்காது. குடிச்சுட்டு குறைஞ்சது இத்தனை மணி நேரம் விமானத்தைத் தொடாதேன்னு விதி வச்சிருக்கறதுக்கு இதுவும் ஒரு நியாயம்.

சரி, மேகத்துக்கு வருவோம். விமானம் இடதுபக்கம் மெதுவா சாயுது, காது பிடிக்கல. சாஞ்ச விமானம் தானா திரும்ப ஆரம்பிக்கும். திரும்புறப்ப வர்ற மையவிலக்கு விசையும் புவியீர்ப்பும் சேர்ந்து பைலட்டை நேரா சீட்டுக்குள்ளதான் அழுத்தும், அதனால துகள் பைகளும் "எல்லாம் நேரா இருக்கு"ன்னே சொல்லும். இறக்கை சாஞ்சதால மேல தூக்கற விசை குறைஞ்சு உயரம் இறங்குது. பைலட் உயரம் காட்டுற ஆல்டிமீட்டரைப் பாத்துட்டு, நேராதானே போறோம்னு நினைச்சு மூக்கைத் தூக்க ஸ்டிக்கை இழுக்கறாரு, சாஞ்சிருக்கற விமானத்துல ஸ்டிக்கை இழுத்தா மூக்கு தூக்காது, வட்டம்தான் இன்னும் இறுகும், இன்னும் வேகமா இறங்கும். ஒருவேளை சுதாரிச்சு நேராக்கினாலும் காது "இப்ப வலதுபக்கம் போற"ன்னு கத்தும், திருப்பி இடதுக்கே போயிடுவாரு. ஆங்கிலத்துல இதுக்கு வச்ச பேரு கிரேவ்யார்ட் ஸ்பைரல், சுடுகாட்டுச் சுழல்.

1954-ல இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்துல இதை சோதிச்சாங்க. மீட்டர்களை மட்டும் பாத்து ஓட்டப் பழகாத 20 பேர், நிஜ விமானம், வெளிய பாக்க முடியாதபடி மறைப்பு, பக்கத்துல பாதுகாப்புக்கு இன்னொரு பைலட். இருபது பேரும் கட்டுப்பாட்டை இழந்தாங்க, சராசரியா 178 செகண்ட்ல. மூணு நிமிஷம்கூட இல்ல.

"மனசு சொல்றதைக் கேளு, உள்ளுணர்வு பொய் சொல்லாது"ன்னு மேடை போட்டுப் பேசறவங்களைப் பாக்கறப்ப எனக்கு இந்த 178 தான் ஞாபகம் வரும். பொய் சொல்லும் சார், ரொம்ப தன்னம்பிக்கையோட சொல்லும்.

மீட்டரும் எப்பவாவது பொய் சொல்லும்கறதையும் சொல்லிடணும். 1978 ஜனவரி 1 ராத்திரி பம்பாய்ல கிளம்புன ஏர் இந்தியா 855, கீழ கடல், சுத்தி இருட்டு. கேப்டன் பக்கத்து சாய்வு மீட்டர் வலதுபக்கம் சாஞ்ச மாதிரியே நின்னுபோச்சு, அதை சரி பண்ணறதா நினைச்சு அவர் இடதுபக்கம் சாய்ச்சுக்கிட்டே போனாரு, ஃப்ளைட் இன்ஜினியர் அதை நம்பாதீங்கன்னு சொல்லியும் நேரம் போதல, கிளம்பி ரெண்டு நிமிஷம் ஆகறதுக்குள்ள கடல்ல விழுந்து 213 பேர் இறந்தாங்க. விமானம் 90 டிகிரி தாண்டி சாயுறவரைக்கும் உடம்பால அந்த மீட்டரை மறுத்துப் பேச முடியல, அதான் கவனிக்கணும். தனித்தனியா ஓடற ரெண்டு மூணு மீட்டரை மாத்தி மாத்தி ஒப்பிட்டுப் பாருன்னு பைலட்டுகளைப் போட்டு வறுத்தெடுக்கறது இதுக்குத்தான்.

களைப்பு உள்ள நுழையறதும் இங்கதான். தூக்கம் கெட்ட மூளை முதல்ல கைவிடறது இந்த ஒப்பிட்டுப் பாக்கற வேலையைத்தான், ஒரே மீட்டர்ல கண்ணு குத்திட்டு நிக்கும், அதுவும் விடிகாலை 2 மணிலேர்ந்து 6 மணி வரைக்கும் உடம்பு கடிகாரமே படுன்னு சொல்ற நேரம். 17 மணி நேரம் முழிச்சிருந்தவரோட செயல்திறன் ரத்தத்துல 0.05 சதவீதம் ஆல்கஹால் இருக்கறவருக்கு சமம்னு 1997-ல வந்த ஆய்வு சொல்லுது. நாசா ஆட்கள் நீண்ட தூர விமானங்கள்ல பைலட்டுகளுக்கு சீட்லயே 40 நிமிஷம் ஓய்வு குடுத்துப் பாத்தாங்க, சராசரியா 26 நிமிஷம் தூங்குனாங்க, தரையிறங்கறப்ப தூங்காதவங்களைவிட தெளிவா இருந்தாங்க. ஒரு குட்டித் தூக்கம், செலவு சைபர்!

இப்ப வாந்தி. கண்ணு "அசையல"ங்குது, காது "ஆடுறோம்"ங்குது, இந்த சண்டைதான் காரணம்னு பெரும்பாலான ஆராய்ச்சியாளர்கள் சொல்றாங்க. சண்டைன்னா தலைவலி வரலாம், வயிறு ஏன் புரட்டணும்? 1977-ல மிஷெல் டிரீஸ்மன்னு ஒரு உளவியல் ஆராய்ச்சியாளர் ஒரு விளக்கம் குடுத்தாரு, இயற்கையில கண்ணும் காதும் முரண்பட்டா அதுக்கு அர்த்தம் நரம்பைத் தாக்கற விஷத்தை சாப்பிட்டிருக்கோம், அதனால மூளை சாப்பிட்டதை வெளிய தள்ளுதுன்னு. நிரூபணம் ஆன விஷயம் இல்ல, ஆனா எனக்கு ரொம்பப் பிடிச்ச ஊகம்.

காதுதான் குற்றவாளிங்கறதுல மட்டும் சந்தேகமே இல்ல. 1950கள் கடைசியில அமெரிக்க கடற்படையும் நாசாவும் காலடெட் கல்லூரியோட காது கேளாத 11 பேரை வச்சு பரிசோதனை பண்ணாங்க, அவங்கள்ல பத்துப் பேருக்கு சின்ன வயசுல வந்த மூளைக்காய்ச்சல் உள்காதையே அழிச்சிருந்துச்சு. சுழலும் அறை, எடையில்லாமப் பண்ற விமானம், எதுவும் அவங்களை அசைக்கல. நோவா ஸ்கோஷியா பக்கம் கொந்தளிக்கற கடல்ல கப்பல்ல கூட்டிட்டுப் போனாங்க, அவங்க பாட்டுக்கு சீட்டாடிக்கிட்டு இருக்க, ஆராய்ச்சியாளர்கள் வாந்தி எடுத்து எடுத்தே சோதனையை நிறுத்த வேண்டியதாப் போச்சு.

ஓட்டுறவருக்கு வராததுக்குக் காரணம், அடுத்து எந்தப் பக்கம் ஆடும்னு அவர் மூளைக்கு முன்கூட்டியே தெரியும், ஸ்டிக்கே அவர் கையிலதானே. பயணிக்கு ஒவ்வொரு ஆட்டமும் திடீர் ஆட்டம். அதனால இறக்கை பக்கத்து சீட்டா கேளுங்க, ஆட்டம் குறைவு, தூரத்துல தொடுவானம் தெரிஞ்சா அதையே பாருங்க, போனை உள்ள வைங்க. மணிக்கட்டுல மாட்டுற வளையம் விக்கறாங்களே, சோதனைகள்ல அதுக்கு உறுதியான ஆதாரம் கிடைக்கல, காசை மிச்சம் பண்ணுங்க.

மாத்திரை போட்டா பயணிக்கு சரியாயிடும், ஆனா அதுல நிறைய தூக்கம் வரவைக்கும், ஓட்டுறவருக்கு ஆகாது. அதனால வாந்தி எடுக்கற பயிற்சி பைலட்டுகளை அமெரிக்க விமானப்படையில பாரனி நாற்காலியில உக்கார வச்சு சுத்துவாங்க. ராபர்ட் பாரனி, வியன்னாவுல காது டாக்டர், நோயாளி காதுல தண்ணி ஊத்துறப்ப ஏன் தலை சுத்துதுன்னு நோண்டிக்கிட்டே இருந்தவரு. அதுக்காக 1914-ம் வருஷத்து நோபல் கிடைச்சப்ப மனுஷன் ரஷ்யாவுல போர்க்கைதி. காதுல தண்ணி ஊத்துறதுக்கு நிதி வேணும்னு இன்னிக்கு ஒரு இளைஞர் விண்ணப்பம் போட்டா, "இதனால தொழில்துறைக்கு என்ன பயன்?"னு ஒரே வரியில திருப்பி அனுப்பிடுவாங்க. அவர் பேர் வச்ச நாற்காலி இன்னும் சுத்திக்கிட்டு இருக்கு, சில நாள் சுத்தினா மூளை பழகிடும், பல பேரு வாந்தியை விட்டுட்டு மறுபடி பறக்கப் போயிடறாங்க.