சூப்பர் சிப்பாய் எவ்வளவு ரத்தம் இழக்கலாம்?

அறிவியல் புனைகதைகளில் வரும் மரபணு மேம்படுத்திய சிப்பாய் வயிற்றில் நாலு குண்டு வாங்கிய பிறகும் ஓடுகிறான், சுடுகிறான், வசனமும் பேசுகிறான். நான் விபத்துச் சிகிச்சைப் பிரிவில் வேலை செய்கிற மருத்துவர் என்பதால், இதெல்லாம் நடக்குமா என்று வீட்டுப் பிள்ளைகள் கேட்பதுண்டு. ஓரளவு நடக்கும். கதையில் வருகிற விதத்தில் அல்ல.

முதலில் ரத்தக் கணக்கு. கிலோவுக்கு ஏறத்தாழ 70 மில்லி என்றால், 70 கிலோ ஆளுக்கு ஐந்து லிட்டர். அதில் 15 சதவீதம் போனால் உடம்பு பெரிதாகக் காட்டிக்கொள்ளாது. 30 சதவீதம் வரை நாடி வேகமாகும், கைகால் சில்லிடும், ஆனால் ரத்த அழுத்தம் பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும். 40ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து.

நம் சிப்பாய் 130 கிலோ, ஒன்பது லிட்டர் ரத்தம் என்று வைத்துக்கொள்வோம். நாலு லிட்டர் கூடுதல்தான், ஆனால் அதை இறைக்கிற இதயமும் பெரிது. ஓய்வில் நிமிடத்துக்கு ஐந்து லிட்டர் இறைக்கும் இதயம், தேர்ந்த விளையாட்டு வீரருக்கு உச்ச உழைப்பில் 30 லிட்டரையும் தொடும். தொடைத் தமனி அறுந்தவனுக்கு அப்படி ஓர் இதயம், ஓட்டைத் தொட்டிக்குப் பெரிய மோட்டார் போட்ட மாதிரி. 2001 முதல் 2011 வரை போர்க்களத்தில் இறந்த 4,596 அமெரிக்க வீரர்களைப் பற்றிய ஆய்வில், காப்பாற்ற வாய்ப்பிருந்தும் சிகிச்சைக்கு முன்பே இறந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு எமனாக வந்தது ரத்தப்போக்குதான்.

சரி, மரபணு எதைத்தான் மாற்றும்? இயற்கையே சில சோதனைகளைச் செய்து பார்த்திருக்கிறது. 1964 குளிர்கால ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம் வென்ற பின்லாந்து வீரர் ஈரோ மேன்டிரான்டாவுக்குப் பிறவியிலேயே சிவப்பணுக்கள் மிக அதிகம். அப்படிப்பட்ட ரத்தம் கொஞ்சம் நேரம் வாங்கித் தரலாம். ‘ஃபேக்டர் ஃபைவ் லைடன்’ மாற்றம் உள்ளவர்களுக்கு ரத்தம் எளிதில் உறையும். காயத்துக்கு நல்லதுதான், ஆனால் காலில் உறைந்த கட்டி நுரையீரலுக்குப் போய் அடைத்தால் குண்டே தேவையில்லை.

வலியே தெரியாத சிப்பாய்? 2006இல் வெளிவந்த ஆய்வு ஒன்று பாகிஸ்தானில் தெருவில் வித்தை காட்டிய சிறுவனைப் பற்றிச் சொல்கிறது. கையில் கத்தி செருகுவான், தணலில் நடப்பான். எஸ்சிஎன்9ஏ மரபணுக் கோளாறால் வலி தெரியாத குடும்பங்களைத் தேடிப் போனதே அவனால்தான். பதினாலு வயது நிரம்பும் முன் கூரையிலிருந்து குதித்து இறந்துபோனான்.

தசை பெருத்தவனுக்கு வேறொரு சிக்கல். 1941இல் லண்டன் குண்டுவீச்சில் இடிபாட்டுக்குள் சிக்கியவர்கள் உயிரோடு மீட்கப்பட்டு, சில நாட்களில் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். நசுங்கிய தசையின் கழிவு ரத்தத்தில் கலந்ததே காரணம். பொட்டாசியம் எகிறி இதயமும் நிற்கலாம். தசை எவ்வளவு அதிகமோ, கழிவும் அவ்வளவு அதிகம். மூளையைப் பற்றிப் பேசவே வேண்டாம்: ரத்த ஓட்டம் நின்றால் சில நொடிகளில் நினைவு போய்விடும், அது எந்தச் சிப்பாயாக இருந்தாலும்.

ஆக, மேம்படுத்திய உடம்பு கூடுதலாகச் சில நிமிடங்கள் சமாளிக்கும், அவ்வளவுதான். சமாளிக்கிற நேரம் முழுக்க வெளியே ஒன்றும் தெரியாது. அப்புறம் ஒரே சரிவு. இதை நான் கதைகளில் பார்ப்பதில்லை, இருசக்கர வாகன விபத்தில் வரும் இளைஞர்களிடம்தான் பார்க்கிறேன். கட்டுமஸ்தான பையன், “ஒண்ணுமில்ல சார், வயிறு லேசா வலிக்குது” என்று நடந்தே வருவான். உள்ளே மண்ணீரல் கிழிந்திருக்கும். முதியவர் என்றால் சீக்கிரமே துவண்டு நம்மை எச்சரித்திருப்பார்.

அதனால் அடிபட்டவர் பேசுகிறார் என்று விட்டுவிடாதீர்கள். படபடக்கும் நாடி, குளிர்ந்த வியர்வை, தாகம், காரணமில்லாத பதற்றம், இவற்றில் ஏதாவது இருந்தால் உடனே 108ஐ அழையுங்கள். ரத்தம் கொட்டினால் சுத்தமான துணியை வைத்து விடாமல் அழுத்துங்கள். நனைந்தாலும் எடுக்காமல் அதன் மேலேயே இன்னொன்றை வையுங்கள். குத்தி நிற்கும் கம்பியைப் பிடுங்காதீர்கள். தண்ணீர் கேட்டாலும் கொடுக்க வேண்டாம், அறுவை சிகிச்சை தேவைப்படலாம்.