மெஷின் கண்காட்சிக்குப் போகிறீர்களா? பையில் உங்கள் ஜாப் ஒன்றையும் போட்டுக்கொள்ளுங்கள்

சென்னை நந்தம்பாக்கத்தில் ஆக்மி, கோவை கொடிசியாவில் இன்டெக், பெங்களூரில் இம்டெக்ஸ். சிஎன்சி, அதாவது கம்ப்யூட்டர் கட்டளைப்படி உலோகம் வெட்டும் மெஷினை வைத்து ஜாப் ஒர்க் செய்பவர்கள், மற்ற கம்பெனிகளுக்குப் பாகங்கள் (அவைதான் ‘ஜாப்’) வெட்டிக் கொடுப்பவர்கள், இந்த மூன்று கண்காட்சிகளில் ஒன்றுக்காவது போகாமல் இருக்க மாட்டார்கள். பெங்களூரில் இப்போது கண்காட்சி நடக்கும் மாதவரா வரை மெட்ரோ வந்துவிட்டது, 2024 நவம்பரில் திறந்தார்கள். அதற்கு முன் தும்கூர் ரோடு டிராஃபிக்கிலேயே பாதி உற்சாகம் போய்விடும்.

உள்ளே போனதும் முதலில் நடப்பது பை வேட்டை. ஒரு ஸ்டாலில் சின்னப் பை கொடுப்பார்கள், அடுத்ததில் அதைவிடப் பெரியது. சின்னதைப் பெரியதற்குள் போட்டு, சாயங்காலம் பார்த்தால் பைக்குள் பை, அதற்குள் பை, நடுவில் நாலு கேட்லாக். எங்கள் சூப்பர்வைசர் ஒருவர் வெர்னியர் (நுணுக்கமாக அளக்கும் கருவி) இலவசமாகத் தருகிறார்கள் என்று யாரோ சொன்னதை நம்பி எல்லா ஹாலையும் சுற்றி வந்தார். கிடைத்தது அட்டை ஸ்கேல். அதையும் ஷர்ட் பாக்கெட்டில் குத்திக்கொண்டுதான் ஊர் திரும்பினார்.

அப்புறம் டெமோ. பித்தளையில் செஸ் ராணி, அலுமினியத்தில் பிள்ளையார். சுற்றி நின்று எல்லாரும் வீடியோ எடுப்போம். பார்க்க அழகுதான். ஆனால் இரண்டும் சுலபமாக வெட்டுப்படும் உலோகம். மெஷினுக்குப் பெரிய பாரமே இல்லை. நம் பட்டறையில் ஓடப்போவது வெட்டச் சிரமமான எஸ்எஸ் 304 (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்), இஎன் 24 (அலாய் ஸ்டீல்), மணல் ஒட்டிய வார்ப்பு. பிள்ளையாரைப் பார்த்து மெஷின் வாங்கினால் அவர்தான் காப்பாற்ற வேண்டும்.

கோவை பம்ப்காரர் ஒருவர் இதை அழகாகக் கையாண்டார். மஞ்சப்பையிலிருந்து ஒரு ஷாஃப்டை எடுத்து ஸ்டால் மேஜையில் வைத்தார். “ராணி அருமைங்க தம்பி. இது எஸ்எஸ்ஸுங்க, இதைக் கொஞ்சம் வெட்டிக் காட்டுங்களேன்.” அந்தப் பையன் மேனேஜரைக் கூப்பிட, அவர் தனக்கு மேலே ஒருவரைக் கூப்பிட, மேஜையைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. செஸ் ராணியை யாரும் பார்க்கவில்லை. கடைசியில், “இதை வெட்டற டூலிங் இங்க இல்லைங்க. டிராயிங்கோட எங்க டெக் சென்டருக்கு வாங்க, எவ்வளவு நேரம் ஆகும்னு டைம் ஸ்டடி போட்டு, ட்ரையல் எடுத்துக் கொடுக்கிறோம்” என்றார்கள். பம்ப்காரர் வந்ததே அதற்குத்தான். பேச்சோடு விடாமல், சைக்கிள் டைமையும் (ஒரு ஜாப் முடிய ஆகும் நேரம்) டாலரன்ஸையும் (அளவில் எவ்வளவு பிசகலாம் என்பது) எழுதிக் கொடுக்கச் சொல்லிவிட்டுத்தான் டீ குடித்தார்.

கேட்லாக் எண்களையும் கொஞ்சம் கிண்டிப் பார்க்க வேண்டும். டூல் மாற்ற 1.5 விநாடி என்று போட்டிருந்தால், பெரும்பாலும் அது ஒரு டூலைக் கழற்றி இன்னொன்றை மாட்டும் நேரம் மட்டும். ஒரு டூல் வெட்டி முடித்து, அடுத்தது வெட்டத் தொடங்கும் வரை எவ்வளவு என்று கேளுங்கள். ‘சிப் டு சிப்’ என்றால் புரிந்துகொள்வார்கள். துல்லியம் எத்தனை மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்பதோடு எந்தத் தரப்படி அளந்தது என்பதும் முக்கியம். ஒரே மெஷினை ஐஎஸ்ஓ 230-2 என்ற சர்வதேசத் தரப்படி அளந்தால் ஒரு எண், பழைய ஜேஐஎஸ் என்ற ஜப்பான் தர முறையில் அளந்தால் அதைவிடச் சின்ன எண். இதைக் கேட்டதும் சிரிக்கும் விற்பனையாளர் நல்லவர். உடனே சாக்லேட் தட்டை நீட்டுபவரிடம் கொஞ்சம் கவனம்.

ஹாலில் ஏசி ஓடுகிறது என்பதும் நினைவிருக்கட்டும். 300 மில்லிமீட்டர் எஃகுத் துண்டு, வெப்பம் 10 டிகிரி கூடினால் சுமார் 35 மைக்ரான் நீளும். மே மாதத் தகர ஷெட்டில் அந்தக் கேட்லாக் எண்ணை எதிர்பார்க்க முடியாது.

‘ஷோ ஆஃபர், இன்றைக்கு மட்டும்’ என்பார்கள். நான் பார்த்தவரை அந்த விலை அடுத்த வாரமும் உயிரோடுதான் இருக்கும். டூல் ஹோல்டர், ஸ்டெபிலைசர், லாரி வாடகை, கிரேன், ஜிஎஸ்டி எல்லாம் அதில் சேர்ந்ததா என்று பாருங்கள். டிஸ்ப்ளே மெஷினையே தருகிறோம் என்றால் வாரண்டி என்றிலிருந்து தொடங்கும் என்பதை எழுதி வாங்குங்கள். சர்வீஸ் இன்ஜினியர் எந்த ஊரில் இருக்கிறார் என்பதும் தெரிய வேண்டும்.

உள்ளே போகத் தரும் பேட்ஜில் சொந்த மொபைல் நம்பர் வேண்டாம், ஆபீஸ் நம்பரைக் கொடுங்கள். ஒரு பேனாவுக்காக ஒரு ஸ்டாலில் பேட்ஜை ஸ்கேன் செய்யக் கொடுத்தேன். “சார், ஆஃப்செட் பிரிண்டிங் மெஷின் எப்ப எடுக்கிறீங்க?” என்று இன்னமும் போன் வருகிறது. அந்தப் பேனா எழுதவும் இல்லை.