மூக்குத் தண்டு வளைவு: கத்தி வைப்பதற்கு முன் காற்றை அளக்க வேண்டும்

"மூக்குத் தண்டு வளைந்திருக்கிறதாம் டாக்டர். ஆபரேஷன் தேதியைச் சொல்லிவிடுங்கள்." ஸ்கேன் உறையை மேசையில் வைத்துக்கொண்டே இப்படிக் கேட்பவர்கள் வாரம் தவறாமல் வருகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள் என்றுதான் சொல்வேன். இரு நாசிகளையும் பிரிக்கும் நடுச்சுவரான இந்தத் தண்டு பெரும்பாலானோருக்கு ஓரளவு கோணலாகவே இருக்கிறது. அவர்களில் பலர் எந்தத் தொல்லையும் இல்லாமல் மூச்சு விடுகிறார்கள். படம் வளைவைக் காட்டும். காற்று எவ்வளவு போகிறது என்பதை அளந்துதான் பார்க்க வேண்டும்.

அதற்கான கருவி ரைனோமானோமீட்டர். ஒரு நாசியில் மெல்லிய குழாயை ஒட்டுநாடாவால் பொருத்தி அடைத்துவிடுவோம். முகமூடியை அணிந்து, வாயை மூடி, மற்ற நாசியால் இயல்பாக மூச்சு விட வேண்டும். 150 பாஸ்கல் அழுத்த வேறுபாட்டில் நொடிக்கு எத்தனை கன சென்டிமீட்டர் காற்று போகிறது என்று குறித்துக்கொள்வோம். பிறகு அடுத்த நாசி. வலி கிடையாது.

வந்தவுடன் அளந்தால் ஏமாந்துபோவோம். மாடிப்படி ஏறி வந்தாலே மூக்குச் சதை சுருங்கி வழி திறந்துகொள்ளும். அதனால் அரை மணி நேரம் உட்கார வைத்துவிடுவேன். இன்னொன்று, ஆரோக்கியமான மூக்கிலும் சில மணி நேரத்துக்கு ஒரு முறை ஒரு பக்கச் சதை வீங்கும், மறுபக்கம் வற்றும். ஆகவே ஒரு பக்கத்து எண்ணை மட்டும் நம்பக் கூடாது. இரு பக்கமும் அளந்து, சதையைச் சுருக்கும் சொட்டு மருந்து விட்டு, கால் மணி நேரம் கழித்து மறுபடி அளக்க வேண்டும்.

இந்த இரண்டாவது அளவுதான் என் முடிவைத் தீர்மானிக்கிறது. வலது பக்கம் மூச்சே வரவில்லை என்று வந்த ஓர் ஆசிரியைக்கு, மருந்து விட்டதும் வலது பக்கக் காற்று ஏறக்குறைய இடது பக்கத்துக்கு இணையாக வந்துவிட்டது. அவரை அடைத்தது ஒவ்வாமையால் வீங்கிய சதை. ஸ்டீராய்டு ஸ்பிரேயும் உப்புநீர்க் கழுவலுமே அவருக்குப் போதுமானதாக இருந்தன. மருந்து விட்டும் எண் அசையவில்லை என்றால் வழியை மறிப்பது எலும்போ குருத்தெலும்போதான். அங்கே அறுவை சிகிச்சையைத் தயங்காமல் சொல்வேன். அதன் பலனில் எனக்குச் சந்தேகம் இல்லை. பிரிட்டனில் 378 பேரிடம் நடந்து 2023இல் வெளியான ஆய்வில், ஸ்பிரே மட்டும் பயன்படுத்தியவர்களைவிட அறுவை செய்துகொண்டவர்களுக்கு ஆறு மாதத்தில் தொல்லை தெளிவாகக் குறைந்திருந்தது.

அறுவைக்குப் பிறகு முதல் சில வாரங்களில் அளப்பது வீண். வீக்கமும் பொருக்கும் இருக்கும். மூன்று மாதம் கழித்து, அதே முறையில், அதே மருந்து விட்டு அளக்க வேண்டும். எண் நன்றாக உயர்ந்திருந்தும் அடைப்பு போகவில்லை என்று சிலர் சொல்வார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. உள்ளே போகும் காற்றின் குளிர்ச்சியை வைத்துத்தான் மூக்கு திறந்திருப்பதை நாம் உணர்கிறோம். மென்தால் தைலத்தை முகர்ந்ததும் திறந்தது போலத் தோன்றும். காற்றின் அளவோ மாறியிருக்காது.

வேறிடத்தில் அறுவை செய்துகொண்டு, ஓராண்டு கழித்தும் அடைப்போடு ஓர் அம்மா வந்தார். தண்டு நேராக இருந்தது. ஆழமாக மூச்சிழுக்கச் சொன்னேன். இடது நாசியின் பக்கச்சுவர் உள்ளே ஒட்டிக்கொண்டது. கன்னத்தை மெல்ல வெளிப்புறமாக இழுத்துப் பிடித்ததும், "இப்போது வருகிறதே" என்றார். கருவியிலும் அழுத்தம் கூடக் கூடக் காற்று கூடாமல் கோடு படுத்துவிட்டது. வலுவில்லாத பக்கச்சுவரைத் தண்டு அறுவை சரிசெய்யாது. அறுவைக்கு முந்தைய அளவு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். அவரிடம் ஸ்கேன் மட்டுமே இருந்தது.

எல்லா ஊரிலும் இந்தக் கருவி இருக்காது. முகமூடி பொருத்திய கையடக்க மீட்டரில் வேகமாக மூன்று முறை மூச்சிழுத்து, அதிகமான எண்ணைக் குறித்துக்கொள்ளலாம். ஆனால் எந்தப் பக்கம் அடைப்பு என்பதை அது பிரித்துக் காட்டாது. எதில் அளந்தாலும் தேதியோடு எழுதி வாங்கி, ஸ்கேன் உறைக்குள்ளேயே வைத்திருங்கள். மூன்றாம் மாதம் வரும்போது அந்தத் தாள் எனக்கு வேண்டும்.