‘பஸ்’ என்பது வெறும் வேற்றுமை உருபு

நாம் ஏறிப் போகும் பஸ்ஸின் பெயர் ‘ஓம்னிஸ்’ என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. லத்தீனில் இந்தப் பெயரடைக்கு ஒருமையில் ‘ஒவ்வொரு’, ‘முழு’ என்று பொருள்; பன்மையில் ‘எல்லா’. தமிழில் ‘எல்லா ஊர்களுக்கும்’ என்னும்போது ‘எல்லா’ அசையாமல் நிற்கிறது, உருபேற்பது ‘ஊர்கள்’ மட்டுமே. லத்தீனில் பெயரடையும் சேர்ந்து திரிய வேண்டும்: ‘ஓம்னிபுஸ் உர்பிபுஸ்’.

ஆண்பாலுக்கும் பெண்பாலுக்கும் இதன் எழுவாய் வடிவம் ஒன்றே: ஒருமையில் ஓம்னிஸ், பன்மையில் ஓம்னேஸ். இரண்டிலும் சேராத பொதுப்பாலுக்கு ஓம்னே, ஓம்னியா. பெயர்ச்சொல் துணையின்றித் தனித்து நின்றால் ஓம்னேஸ் ‘எல்லோரும்’, ஓம்னியா ‘எல்லாம்’. திணை பிரித்துப் பழகிய நமக்கு இது எளிதில் பிடிபடும்.

கவிஞர் வெர்ஜில் எழுதிய ‘ஓம்னியா வின்கித் அமோர்’ என்ற தொடரைப் பாருங்கள். ‘வின்கித்’ என்றால் வெல்கிறது, ‘அமோர்’ காதல். பொதுப்பாலில் எழுவாய்க்கும் செயப்படுபொருளுக்கும் ஒரே வடிவம் என்பதால், முதலில் நிற்கும் ஓம்னியாதான் வெல்கிறதோ என்று தோன்றலாம். ஆனால் வினை ஒருமை, ஓம்னியா பன்மை; அது எழுவாயாக முடியாது. காதல் செயப்படுபொருளாக இருந்தால் ‘அமோரெம்’ என்று வந்திருக்கும். ஆகவே, எல்லாவற்றையும் வெல்கிறது காதல். சொற்களை எப்படி மாற்றிப் போட்டாலும் பொருள் குலையாது. லத்தீனின் அழகே இதுதான்.

இனி ஓம்னிபுஸ். ‘ஓம்னி’ அடிச்சொல், ‘புஸ்’ பன்மையில் வரும் நான்காம் வேற்றுமை உருபு: ‘எல்லோருக்கும்’. (நீக்கப்பொருள் வேற்றுமைக்கும் இதே வடிவம்தான்.) 1826இல் பிரான்சின் நாந்த் நகரில் ஸ்தனிஸ்லாஸ் போத்ரி, தம் வெந்நீர்க் குளியலகத்துக்கு ஆள் வர வேண்டுமென்று குதிரை வண்டிகளை ஓடவிட்டார். அந்த வகை வண்டிகளுக்கு ‘ஓம்னிபஸ்’ என்ற பெயர் நிலைத்தது. 1828இல் பாரிஸ், 1829இல் ஜார்ஜ் ஷில்லிபியர் வழியாக லண்டன் என்று அது பரவியது. பிறகு ஆங்கிலத்தார் சொல்லின் முன்பாதியை வெட்டிவிட்டார்கள். பொருளைச் சுமந்த அடிச்சொல் போய், ‘எல்லோருக்கும்’ என்பதில் ‘க்கும்’ மட்டும் மிஞ்சியதுபோல உருபு தங்கிவிட்டது. மினிபஸ், டிராலிபஸ் எல்லாம் அந்த உருபிலிருந்து பிறந்தவை. மின்சாரத்தைப் பல கிளைகளுக்கும் பகிரும் ‘பஸ்பார்’ வழியாக அது, தரவைக் கடத்தும் பாதையின் பெயராகக் கணினிக்குள்ளும் நுழைந்தது. யூஎஸ்பியின் கடைசி எழுத்து இதே பஸ்தான்.

இந்த ‘புஸ்’ஸின் உறவுக்கார உருபு சமஸ்கிருதத்தில் ‘ப்யஸ்’. அங்கும் பன்மையில் நான்காம், ஐந்தாம் வேற்றுமைகளுக்கு அது பொது. ‘குருப்யோ நமஹ’ என்று நம் காதில் விழும் தொடரில், ‘குருமார்களுக்கு’ என்ற பொருளைத் தருவது புணர்ச்சியில் ‘ப்யோ’ என்று திரிந்த அந்த உருபே.