நுண்சிரை அன்று, நுண்கீற்று

பள்ளி மாணவர்களுக்கான நிலவியல் கையேடு ஒன்றைப் பிழைதிருத்தித் தருமாறு புதுச்சேரி நண்பர் ஒருவர் அண்மையில் கேட்டிருந்தார். மொழிபெயர்ப்பு நூல்தான். அதில் கல்லில் ஓடும் மெல்லிய கனிமக் கோடுகளைக் குறிக்க 'கருங்கல்லில் உள்ள நுண்சிரைகள்' என்பது பதினொரு இடங்களில் வந்தது. இச்சொல்லை வேறு இடங்களிலும் பலமுறை கண்டு கடந்து போயிருக்கிறேன். இம்முறை கடந்துபோக மனம் வரவில்லை.

ஆங்கில மூலச் சொல் வெயின்லெட். இலத்தீனில் 'வேனா' என்பது குருதிக்குழாய், நிலத்தடி நீரோட்டம், பாறையில் ஓடும் கனிமக் கோடு ஆகிய மூன்றையும் குறித்தது. அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, சிறுமை காட்டும் ஈறு பெற்றது. சொல்வரலாறு இவ்வளவே.

சொல் குறிக்கும் பொருளைத்தான் நின்று பார்க்க வேண்டும். நீர் மிகுந்த கருங்கற் குழம்பு (உருகிய பாறை) ஏறத்தாழ 650 முதல் 700 பாகை செல்சியசில் முற்றிலும் உறைகிறது. மேலும் குளிரும்போது குவார்ட்ஸ் என்னும் கனிம மணிகள் ஃபெல்ட்ஸ்பார் என்னும் மற்றொரு கனிமத்தைவிட மிகுதியாகச் சுருங்குவதாலும், வளிமண்டல அழுத்தத்தில் 573 பாகையில் குவார்ட்ஸின் படிக அமைப்பே மாறிவிடுவதாலும், மணிகளின் எல்லைகளில் மயிரிழை வெடிப்புகள் தோன்றுகின்றன. குழம்பு உறையும்போது வெளித்தள்ளப்பட்ட சூடான நீரின் அழுத்தமும் பாறையைப் பிளக்கும். சிலிக்கா கரைந்த அந்நீர் வெடிப்புக்குள் புகுகிறது; வெப்பமும் அழுத்தமும் குறையக் குறையக் கரைதிறன் குறைந்து, சிலிக்கா குவார்ட்ஸாகச் சுவரில் படிந்து வெடிப்பை அடைத்துவிடுகிறது. சில இடங்களில் கால்சைட், குளோரைட், எபிடோட் போன்ற வேறு கனிமங்கள் படிவதும் உண்டு. அடைந்த வெடிப்பு மீண்டும் பிளப்பதும் மீண்டும் அடைவதுமாகப் பலமுறை நிகழலாம் என்பதை நிலவியலார் ஜான் ராம்சே 1980இல் விளக்கினார். ஆக, நாம் இன்று கல்லில் காணும் வெண்கோடு, ஓட்டம் நின்றுபோன, அடைபட்ட ஒரு பிளவு.

இதைச் சிரை என்பது எப்படிப் பொருந்தும்? தமிழில் சிரை என்பது குருதியை இதயத்துக்குத் திரும்பக் கொண்டுசெல்லும் குழாய், தமனிக்கு எதிர்ச்சொல். கல்லுக்கு இதயம் இல்லை. குருதி ஓடினால்தான் சிரை, அடைத்துக்கொண்டால் அது நோய். கல்லிலோ அடைத்துக்கொண்ட பிறகே அதற்குப் பெயர் கிடைக்கிறது. மொழிபெயர்ப்பாளர் மருத்துவக் கலைச்சொல் பட்டியலைத் திறந்து முதலில் கிடைத்ததை எடுத்திருக்கிறார். அதே ஆங்கிலச் சொல்லை இலையைப் பற்றிப் பேசும்போது தாவரவியலார் நரம்பு என்கிறார்களே, அங்கே ஏன் சிரை வரவில்லை என்று அவர் கேட்டுப் பார்த்திருக்கலாம். தூய தமிழ் என்று எண்ணி இதைப் போற்றுவோருக்கு ஒரு தகவல்: சிரை வடமொழிச் 'சிரா'விலிருந்து வந்தது. நல்ல தமிழில் சிரைத்தல் என்றால் மழித்தல்.

எதிர்த்தரப்புக்கு வலுவான சான்று ஒன்று உண்டு என்பதையும் மறைக்கக் கூடாது. நிலத்தடி நீரோட்டங்களைப் பழங்கால வானியலார் வராகமிகிரர் தம் வடமொழி நூலான பிருகத் சம்கிதையில் சிரைகள் என்றே அழைத்து, மனித உடலில் போலவே மண்ணிலும் அவை மேலும் கீழுமாக ஓடுவதாகச் சொல்கிறார். ஆனால் அவர் பேசுவது ஓடுகின்ற நீரைப் பற்றி. அச்சான்று என் பக்கமே சாய்கிறது.

நாளம் என்பதும் உள்துளை உடைய குழாயே, ஆகாது. நரம்பு என்பது கேட்டவுடன் விளங்கும். எனினும் நரம்பும் இழையும் நூல்போன்ற வடிவத்தையே நினைவூட்டுகின்றன. ஜெர்மானிய அறிஞர் கியோர்க் அக்ரிகோலாகூட 1556இல் வெளிவந்த தம் சுரங்க நூலில் சிறியவற்றை 'ஃபிப்ரா', அதாவது நார் என்றார். உண்மையில் அறுத்த முகத்தில்தான் அது கோடு. கல்லுக்குள்ளே அது தகடு. சமையல் மேடைக்கு வாங்கும் கல்லின் விளிம்பைப் பார்த்தால், மேலே தெரியும் வெண்கோடு கீழ்வரை இறங்குவது தெரியும். (கடைக்காரர் கறுப்புக் கிரானைட் என்று விற்பது பெரும்பாலும் கிரானைட்டே அன்று, அது வேறு வழக்கு.) கடலூர்ப் பக்கம் மணற்கல்லும் செம்மண்ணுமே மிகுதி, கருங்கற் குன்றைக் காணச் செஞ்சிவரை போக வேண்டும் என்றாலும், இந்த விளிம்பைப் பார்க்க அவ்வளவு தொலைவு வேண்டியதில்லை.

இதற்குத்தான் கீற்று என்கிறேன். ஊறு என்பதிலிருந்து ஊற்று வந்ததுபோலக் கீறு என்பதிலிருந்து கீற்று. கீறுவதால் பிளவு அதில் இருக்கிறது; திருநீற்றுக் கீற்றில் கோடு இருக்கிறது; மாங்காய்க் கீற்றில் மெல்லிய தகடும் இருக்கிறது. பெரியது கனிமக் கீற்று, சிறியது நுண்கீற்று, பின்னிக் கிடப்பது கீற்று வலை. கீற்று என்றாலே எங்கள் ஊரில் கொட்டகைதான் நினைவுக்கு வரும் என்று நண்பர் சிரித்தார். தென்னங்கீற்றைக் கல்லுக்குள் எந்த மாணவரும் தேடப்போவதில்லை என்றேன்.

கையேட்டில் பத்து இடங்களை நுண்கீற்று என்று மாற்றிவிட்டேன். பதினோராவது இடத்தில் மூலநூல் பேசியது ஆப்லைட் என்னும் பாறையைப் பற்றி. அது நீரிலிருந்து படிந்தது அன்று, எஞ்சிய குழம்பே வெடிப்பில் புகுந்து உறைந்தது. அதையும் சிரை என்றே எழுதியிருந்தார்கள். அங்கே கீற்று என்றும் மாற்றாமல், ஆப்லைட் என்றே விட்டு, ஓரத்தில் ஒரு வினாக்குறி இட்டு அனுப்பியிருக்கிறேன்.